ரவுடிக்கு ஒரு வீடு, சாமியாருக்கு ஒரு வீடு

அந்தத் தெருவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். கோர்ட்டுப் பக்கம் அவள் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. தொழில் திரைச்சீலை தைப்பது. வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், துணி வெட்டுகிற நீள மேஜை, சுவரில் சாய்த்து வைத்த துணிச் சுருள்கள். புது வீடு கட்டியவர்களும் ஓட்டல்காரர்களும் ஜன்னல் அளவோடு அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவர்களிடமெல்லாம் பசுவாக இருப்பாள். நாய்க்குட்டி வேண்டும் என்று யாராவது வாசலில் கால் வைத்தால்தான் ஜட்ஜம்மா வெளியே வருவாள்.

வீட்டில் அம்மணி என்று ஒரு கோல்டன் ரெட்ரீவர் ஜாதி நாய் இருந்தது. அம்மணியின் குட்டிக்கு ஆசைப்பட்டு வருகிறவரை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அப்புறம் ஆரம்பிப்பாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்றா? வீடு முழுக்கக் கொட்டுகிற முடியை யார் பெருக்குவது? வெளியூர் போனால் யார் பொறுப்பு? இன்றைக்குக் குட்டி கேட்டு அடம் பிடிக்கிற பிள்ளை நாளைக்குப் படிக்கப் போய்விடும், அப்புறம் யார் நடக்கக் கூட்டிப் போவது? வந்தவர் பாதியிலேயே கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பார். கார் விற்கிற மேனேஜர் ஒருவர், மனைவியின் பிறந்த நாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பரிசாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். விசாரணை அத்தோடு முடிந்துவிட்டது. கரடி பொம்மை நல்ல நல்ல கடைகளில் கிடைக்கும், ரிப்பன்கூடக் கட்டித் தருவார்கள் என்று வழி சொல்லி அனுப்பிவிட்டாள்.

இதில் தேறியவர்களின் வீட்டுக்கு அவளே போய் கேட்டின் இடுக்கைப் பார்ப்பாள், மாடிப்படியைப் பார்ப்பாள், வீட்டில் இருக்கிற அத்தனை பேர் முகத்தையும் பார்ப்பாள். கடைசியில் ஒரு வாக்கு வாங்குவாள். என்ன கஷ்டம் வந்தாலும், எத்தனை வருடம் ஆனாலும், வைத்துக்கொள்ள முடியாமல் போனால் குட்டி அவளிடம்தான் திரும்பி வர வேண்டும். வேறு கை மாறக்கூடாது. இத்தனைக்கும் பிறகு, எந்தக் குட்டி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற உரிமை வாங்குகிறவருக்குக் கிடையாது. எது யாருக்குப் பொருந்தும் என்று அவள்தான் சொல்வாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வெளியில் பெண்டாட்டியின் பெருமை பேசுகிற ஆண்கள் குறைவு. மெக்கானிக் அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவன். மொட்டை மாடியில் மோட்டார் அறை நிழலில் டீ குடிக்கும்போது கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக் குறையை அவிழ்த்து விடுவார்கள். இவன் அம்மணியின் எக்ஸ்ரேயை அவிழ்ப்பான். அம்மணியைக் குட்டி போட விடுவதற்கு முன்னால் ஜட்ஜம்மா இடுப்பு, முழங்கை, கண், இதயம் என்று ஒன்று பாக்கி இல்லாமல் சோதித்தாள். ஆண் நாய்க்கும் அதே சோதனை. முதலில் பார்த்த ஆண் நாய் ராஜா போல இருந்தது, வீடு நிறையப் போட்டிகளில் ஜெயித்த கோப்பைகள். இடுப்பு எக்ஸ்ரே மட்டும் சரியில்லை. அழகைப் பார்த்து முடித்தால் பிறக்கிற குட்டிகள் நொண்டும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள். இதைக் கேட்டவர்கள், எங்கள் கல்யாணத்துக்கே இவ்வளவு விசாரிக்கவில்லையே என்று சிரிப்பார்கள். மெக்கானிக்கும் சிரிப்பான். ஆனால் அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

இது அம்மணிக்கு இரண்டாவது பிரசவம். இதுவே கடைசி என்று ஜட்ஜம்மா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மெக்கானிக் பலகையில் பிரசவப் பெட்டி செய்து கொடுத்தான். உள்பக்கம் சுற்றிலும் ஒரு கட்டை அடித்திருந்தான். அம்மணி அசந்து புரண்டாலும் குட்டிகள் அந்தக் கட்டைக்கு அடியில் நசுங்காமல் ஒதுங்கிக்கொள்ளும். ஏழு குட்டிகள் பிறந்தன. அன்றிலிருந்து சமையலறைத் தராசு குட்டிகளுக்குச் சொந்தமாகிவிட்டது. தினமும் எடை பார்த்து, எது ஏறவில்லையோ அதைப் பால் நிறைய வருகிற காம்பில் கொண்டுபோய் ஒட்டுவாள். கண் திறந்ததும் உலகத்தைப் பழக்குகிற வேலை தொடங்கியது. மிக்ஸி சத்தம், தையல் மெஷின் சத்தம், கதவு அறைகிற சத்தம், ஈரத் தரை, சாக்கு, மணல், தகரம் என்று எல்லாவற்றையும் அளவாகக் காட்டினாள். பயந்த குட்டியை வம்பாக இழுக்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அது தானாக வரும்வரை துணிக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஏழும் ஒரே அச்சு. அடையாளத்துக்காகத் திரைச்சீலைத் துண்டுகளில் ஏழு நிறத்தில் கழுத்துப்பட்டி தைத்துப் போட்டிருந்தாள். குட்டி வளர வளர பட்டி இறுகும், புதிதாகத் தைப்பாள். பட்டி விஷயத்தில் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு குட்டிக்குக் கழற்றி, அதற்கே மாட்டி முடிக்காமல் அடுத்த குட்டியைத் தொடக்கூடாது. எத்தனை அவசரமானாலும் இரண்டு வெறுங்கழுத்துகள் ஒன்றாக இருக்கக்கூடாது. குட்டிகளுக்குப் பெயர் வைக்கவும் தடை. பெயர் வைக்கிற சந்தோஷம் போகிற வீட்டுக்காரர்களுக்கு உரியது என்பாள். மெக்கானிக் அவளுக்குத் தெரியாமல் இரண்டு பேருக்கு மட்டும் பெயர் வைத்திருந்தான். பச்சைப் பட்டிக்கு ரவுடி. நீலப் பட்டிக்குச் சாமியார்.

அந்தப் பெயர்கள் சும்மா வரவில்லை. குட்டிகள் வளர்ந்து வந்ததும் அவற்றுக்கு ஒரு பரீட்சை நடக்கும். அதை நடத்துகிறவர் குட்டிகள் அதுவரை முகமே பார்க்காத ஆளாக இருக்க வேண்டும். அந்தப் பதவி மெக்கானிக்கின் தங்கைக்கு. பாவம், அம்மணி குட்டி போட்ட நாளிலிருந்து அவள் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கத் தடை. ஊரில் நாத்தனாரை வீட்டுக்கு வரவிடாத அண்ணி பற்றி என்னென்னவோ பேசினார்கள். பரீட்சை நாளன்று அவள் ராஜ மரியாதையோடு வந்து, பக்கத்து வீட்டின் காலி அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குட்டியாக வரவழைத்தாள். சாவிக்கொத்தைத் தொப்பென்று போட்டாள். குடையை விரித்தாள். மடியில் மல்லாக்கப் போட்டுப் பிடித்துப் பார்த்தாள். ரவுடி குடையின் மேல் பாய்ந்து துணியைக் கிழித்தது. மல்லாக்கப் போட்டபோது நான்கு காலாலும் உதைத்தது. சாமியார் சாவிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிப் பார்த்தது. குடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு நாத்தனாரின் காலடியில் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. கதவிடுக்கில் நின்று பார்த்த ஜட்ஜம்மா பெருமூச்சு விட்டாள். நூலகத்து அம்மாவுக்குக் குட்டி கிடைத்துவிட்டது.

நூலகத்து அம்மா என்பவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. மாடியில் தம்பி குடும்பம். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நாற்காலியே கதி என்று இருந்தவர். அம்மணியின் முதல் பிரசவத்தின்போதே குட்டி கேட்டு ஆள் அனுப்பினார். ஜட்ஜம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடியாது என்று சொன்னாள். முதலில் நீங்கள் நடக்க வேண்டும், தெரு முனை வரை போய்த் திரும்பி வர முடிந்தால் அடுத்த தடவை உங்களுக்கு நிச்சயம் என்றாள். அந்த அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாய்க்குட்டி கேட்டதற்கு இப்படி ஒரு நிபந்தனையா என்று தம்பியிடம் புலம்பித் தீர்த்தார். அந்தக் கோபத்திலேயே கைத்தடியை எடுத்தார். முதலில் வாசல் வரை. பிறகு கேட் வரை. அப்புறம் பக்கத்து வீட்டு விளக்குக் கம்பம் வரை. போன வருடக் கடைசியில் ஜட்ஜம்மாவுக்குப் போன் செய்து, வந்து பாருங்கள் என்றார். அவள் தெருவில் நின்று பார்க்க, தடியை ஊன்றி ஊன்றித் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து, மூச்சு வாங்க நின்று, போதுமா என்று கேட்டார். ஜட்ஜம்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து மெக்கானிக்கிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று அந்த அம்மாவின் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இந்த ஒரு குட்டி விஷயத்தில் மட்டும் பிசகு நடக்கக்கூடாது. ரவுடிக்கும் நல்ல இடம் அமைந்திருந்தது. ஓட்டப்பந்தயம் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒருவர். அவர், அவர் மனைவி, இரண்டு பெண்கள், நாலு பேருக்கும் காலில் சக்கரம். விடிந்தால் மைதானம். ரவுடியின் குறும்பு அங்கே செலவாகிவிடும்.

அனுப்புவதற்கு முந்தின நாள் குட்டிகளைக் குளிப்பாட்டுவது மெக்கானிக்கின் இலாகா. அன்றைக்கு ஜட்ஜம்மா ஓட்டல் ஒன்றுக்குத் திரைச்சீலை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் மெஷினை விட்டு நகரவில்லை. சாப்பாடும் அங்கேயே. மெக்கானிக் சட்டப்படிதான் ஆரம்பித்தான். சாமியாரின் பட்டியைக் கழற்றி அதை டப்பில் இறக்கியபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ரவுடி ஓடி வந்து தானாகவே தண்ணீரில் குதித்துவிட்டது. சரி, வந்ததுதான் வந்தது, இரண்டையும் ஒரே சோப்பில் முடித்துவிடலாம் என்று அதன் பட்டியையும் கழற்றினான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார்கள். அவன் அவசர அவசரமாகத் துவட்டினான். நனைந்த இரண்டும் ஒன்று போலவே இருந்தன, இரண்டும் ஒன்று போலவே நடுங்கின. ஒரு கணம் கை தயங்கியது. பிறகு நீலத்தை ஒன்றுக்கும் பச்சையை ஒன்றுக்கும் மாட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மற்ற குட்டிகளைத் திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினான். அப்போது நீலப் பட்டி போட்டது துண்டைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குளித்த உற்சாகம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டானா, நினைத்துக்கொள்ள விரும்பினானா என்பது அவனுக்கே தெரியாது.

மறுநாள் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். இத்தனை கறாரான ஜட்ஜம்மாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கொடுக்கிற நேரத்தில் குட்டியின் முகத்தைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கொடுக்க மனம் வராது. உள்ளறையில் அம்மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அங்கிருந்தே, நீலம் நூலகத்து அம்மாவுக்கு, பச்சை மாஸ்டருக்கு என்று குரல் மட்டும் வரும். மெக்கானிக் எடுத்துக் கொடுப்பான், கூடவே அம்மணியின் வாசனை ஏறிய ஒரு துணித்துண்டையும் கொடுப்பான், முதல் சில இரவுகளுக்குக் குட்டிக்குத் துணையாக.

முதல் வாரம் தினமும் சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் போன் செய்வது அவள் வழக்கம். இரண்டாம் நாள் நூலகத்து அம்மா சிரித்துக்கொண்டே பேசினார். துரை என்று பெயர் வைத்திருக்கிறாராம். துரை வந்ததிலிருந்து ஒரு செருப்பு, ஒரு தலையணை, ஒரு செய்தித்தாள் காலியாம். புடவைத் தலைப்பைப் பிடித்துத் தொங்குகிறானாம், கைத்தடியைக் கண்டால் விடுவதில்லையாம். மாஸ்டர் வீட்டில் வேறு கதை. குட்டி சமர்த்து, ஆனால் மைதானத்தில் விட்டால் புல்லில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது, உடம்பு சரியில்லையோ என்று மாஸ்டரின் மனைவி கவலைப்பட்டார். ஜட்ஜம்மா போனை வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். புது இடம், இரண்டு நாள் போனால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் அவன் மனது வேலையில் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். அவள் திட்டுவாள், பரவாயில்லை. ஆனால் இனி எந்தப் பொறுப்பையும் அவனை நம்பிக் கொடுக்க மாட்டாள், அதைத்தான் தாங்க முடியாது. சொல்லாவிட்டால்? அந்த அம்மாதான் சந்தோஷமாக இருக்கிறாரே, சிரிக்கிறாரே, குட்டி வளர வளர அடங்கிவிடாதா என்று ஒரு சமாதானம் வந்தது. அந்தச் சமாதானத்தோடு அரை மணி நேரம் ஓட்டினான். பிறகு லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று மேலே பார்த்தபோது அது உடைந்தது. ஒரு கேபிளை மாற்றி மாட்டியிருப்பது தெரிந்தால், ஆட்கள் சந்தோஷமாகத்தானே ஏறி இறங்குகிறார்கள் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போவானா? கைத்தடியைப் பிடித்துத் தொங்குகிற ரவுடி அடுத்த வருடம் எத்தனை கனம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த அம்மா விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாக நடக்கப் பழகியதும் தெரியும். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "குளிப்பாட்டினப்ப பச்சையையும் நீலத்தையும் ஒண்ணாக் கழட்டிட்டேன். மாத்தி மாட்டிட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியும்."

அவள் நூலைக் கீழே வைத்தாள். அவன் திட்டுக்குத் தயாராக நின்றான். அவள் குரல் உயரவே இல்லை.

"நான் அன்னைக்கு ஒரு நிமிஷம் அதுங்க முகத்தப் பாத்திருந்தா போதும். எனக்குத் தெரிஞ்சிருக்கும். என் அழுகைதான் எனக்குப் பெரிசாப் போச்சு." எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வண்டிய எடுங்க. இன்னும் ஒரு நாள் போனா ரெண்டு வீட்லயும் பிரிக்க முடியாது."

மெக்கானிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும், இவளை இன்னும் முழுதாகத் தெரிந்துகொள்ளவில்லையோ என்று தோன்றியது.

மாஸ்டர் வீட்டில் வேலை சுலபமாக முடிந்தது. விஷயத்தைக் கேட்டதும் மாஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டார். செஸ் விளையாடுகிறவனை நூறு மீட்டர் ஓடச் சொல்லியிருக்கிறோம் என்று சிரித்தார். சின்னப் பெண் மட்டும் சாமியாரை மடியை விட்டு இறக்க மாட்டேன் என்று அழுதது. ஜட்ஜம்மா தரையில் உட்கார்ந்து, இந்தக் குட்டிக்காக ஒரு பாட்டியம்மா நடக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டது. கடைசியில் தானே கொண்டுவந்து வண்டியில் வைத்தது.

நூலகத்து அம்மாவின் வீட்டில்தான் சோதனை. கதவைத் திறந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மெக்கானிக்கின் கையில் இன்னொரு குட்டி இருந்தது. நடந்ததை எல்லாம் மெக்கானிக்கே சொன்னான், தன் தப்பு என்று சொன்னான். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோபாவில் ரவுடி அவர் கைவிரலைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"நான் ஏதாவது குறை சொன்னேனா? இந்த வீட்ல நான் வாய் விட்டுச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? துரை வந்துதான் சிரிக்கிறேன்."

ஜட்ஜம்மா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "இப்ப இவனை நீங்க ஒரு கையில தூக்கிடலாம்மா. அடுத்த வருஷம் இவன் உங்களைத் தூக்கிடுவான். ஒரு பூனையப் பாத்து இழுத்தான்னா உங்களால நிக்க முடியாது."

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். நடன்னு சொன்னீங்க, நடந்தேன். இவனையும் எடுத்துட்டுப் போனா நான் எதுக்கு நடந்தேன்?"

"நீங்க நடந்ததை நான் தெருவுல நின்னு பாத்தேன். அதனாலதான் வந்திருக்கேன். வேற யார் வீடா இருந்தாலும், பாத்து வளத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

சாமியாரைக் கீழே விட்டார்கள். அது அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தடி சாய்த்திருந்த மூலைக்குப் போய், மோந்து பார்த்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ரவுடியை மார்போடு வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் சுவரை விட்டுப் போகும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். ஜட்ஜம்மா அவசரப்படுத்தவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மெக்கானிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்த அம்மாவின் கை ரவுடியின் முதுகைத் தடவித் தடவிக் கடைசியில் நின்றது.

"எடுத்துட்டுப் போங்க," என்றார். "இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க."

ஜட்ஜம்மா ரவுடியை வாங்கிக்கொண்டாள். சாமியாரை அங்கேயே விட்டுவிட்டு, வேண்டாமென்றால் எப்போது சொன்னாலும் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மாடியிலிருந்த தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். ரவுடியை மாஸ்டர் வீட்டில் இறக்கிய மாத்திரத்தில் அது விசிலின் கயிற்றைக் கவ்விக்கொண்டு ஓட, நாலு பேரும் பின்னால் ஓடினார்கள். அழுத சின்னப் பெண்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடியது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மெக்கானிக் வீட்டில் நல்லபடியாக இல்லை. சாயங்காலம் ஆனால் ஜட்ஜம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வாள். நூலகத்து அம்மாவின் முறை வரும்போது கை நின்றுவிடும். போன் பண்ணாதீங்க என்று அவர் சொல்லியாயிற்று, செய்ய முடியாது. தம்பியிடம் கேட்டால், அக்கா யாரோடும் பேசுவதில்லை, குட்டிக்குச் சாப்பாடு மட்டும் வேளா வேளைக்குப் போகிறது என்றார். ஒரு நாள் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த மனுஷியை அழ வைத்துவிட்டேன், நான் செய்தது சரிதானா என்று கணவனைக் கேட்டாள். அவள் எதற்கும் அப்படிக் கேட்டு அவன் பார்த்ததில்லை. நீ செய்ததுதான் சரி என்று உடனே சொன்னான். சொல்லிவிட்டு, தான் அன்றைக்கு ஒரு பட்டியை ஒழுங்காக மாட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று உள்ளுக்குள் குமைந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. நூலகத்து அம்மா. மெக்கானிக்கும் கேட்கட்டும் என்று ஜட்ஜம்மா போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"காலைல விழுந்துட்டேன்," என்றார் அவர்.

"ஐயோ, அடி பட்டுச்சா? எங்க இருக்கீங்க இப்ப?"

"வீட்லதான். டாக்டர் வந்து பாத்துட்டாரு, எலும்புக்கு ஒண்ணும் இல்ல. குளியலறை வாசல்ல மிதியடி வழுக்கிடுச்சு. தடி ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம். மாடியில யாரும் இல்ல, கடைக்குப் போயிட்டாங்க. அவசரப்பட்டு எந்திரிச்சா எலும்பு விட்டுடும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்காரு. அசையாமக் கிடந்தேன். பயத்துல கை கால் எல்லாம் ஆடுது. இவன் வந்தான். மேல ஏறல, கத்தல. என் கை மேல தாடைய வச்சுப் படுத்துக்கிட்டான். அவன் மூச்சு விடுறதையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். என் நடுக்கம் நின்னுச்சு. அப்புறம் மெதுவாப் புரண்டு, நாற்காலியப் பிடிச்சு எந்திரிச்சேன்."

மெக்கானிக் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"துரையா இருந்திருந்தா, விளையாட்டுன்னு நினைச்சு என் இடுப்பு மேல ஏறிக் குதிச்சிருப்பான். அவனைக் குத்தம் சொல்லல, அவன் குணம் அது. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?"

இருக்கிறேன் என்று மெக்கானிக் சொன்னான்.

"நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னைக்கு உங்க முகத்தைக்கூட நான் பாக்கல. மனசுல வச்சுக்காதீங்க." குரல் சற்றுத் தேறியது. "நீங்க மெக்கானிக்தானே? குளியலறைச் சுவத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி மாட்டித் தரணும். கட்டில் பக்கத்துலயும் ஒண்ணு. தம்பி எத்தனையோ தடவை சொன்னான், நான்தான் வேண்டாம்னேன். இனிமே நான் விழக்கூடாது. இவன் இருக்கிற வரைக்கும் நான் இருக்கணும்."

மெக்கானிக் ஜட்ஜம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பதில் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினாள். இப்போதே வருகிறேன் அம்மா என்று எப்படியோ சொல்லிவிட்டு, டிரில் மெஷினைத் தேடி உள்ளே போனான்.